முகவலி, வாய் எரிச்சல், பிடுங்கிய பிறகும் போகாத பல்வலி: கவுண்டரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவள் நான். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் வாய்ப் பக்கம் எங்கே வலித்தாலும் "பல்வலி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பலருக்குச் சொத்தைப் பல்தான். பல் கிளினிக்கில் நம்பர் எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் மாதக்கணக்கில் வலியோடு திரிகிறவர்கள், இரண்டு மூன்று பல்லைப் பிடுங்கியும் நிம்மதி கிடைக்காதவர்கள், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம் அவர்களுக்கு. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். இன்ன நோய் என்று முடிவு செய்ய வேண்டியது மருத்துவர்தான். அவரிடம் போவதற்கு முன்னும் பின்னும் வரும் சந்தேகங்களுக்குத்தான் இங்கே பதில்.

"பல்லு நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்றாரு. அப்புறம் ஏன் பல்லு வலிக்குது?"

முகத்தின் தொடு உணர்வு, சூடு, குளிர், வலி எல்லாவற்றையும் மூளைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரே நரம்பு. மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகளில் ஐந்தாவது. மூன்றாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு என்று பெயர். முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல் பற்களுக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் கீழ்ப் பற்களுக்கும் நாக்கின் முன்பகுதிக்கும் போகிறது.

பல், தாடைத் தசை, சைனஸ், கழுத்தின் மேல்பகுதி ஆகியவற்றிலிருந்து வரும் வலிச் செய்திகள் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. எங்கிருந்து வந்தது என்பதை மூளை ஊகித்துத்தான் சொல்கிறது, அந்த ஊகம் தப்பலாம். சைனஸில் சளி கட்டினால் மேல் கடைவாய்ப் பற்கள் வரிசையாக வலிக்கும், குனிந்தால் கூடும். கன்னத்துத் தசை இறுகிக் கிடந்தால் பல் வலிக்கிற மாதிரியே இருக்கும். நெஞ்சில் கோளாறு இருந்தாலும் கீழ்த்தாடை வலிக்கலாம் (அதைப் பற்றிக் கடைசிக்கு முந்தின கேள்வியில்).

"கால்ல அடிபட்டாக்கூட தாங்கிக்கிறேன். மூஞ்சில வலி மட்டும் ஏன் இவ்வளவு கொடுமையா இருக்கு?"

உடம்பின் உணர்வுகளைப் பெற்றுக்கொள்ளும் வரைபடம் ஒன்று மூளையின் மேற்பரப்பில் இருக்கிறது. அதில் முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் கொஞ்சம். உதட்டுக்கும் நாக்குக்கும் கிடைத்த இடமோ அவற்றின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரிது. நாக்கில் ஒட்டிய ஒரு முடியைக்கூட உடனே கண்டுபிடிக்கிறோம் என்றால் அதனால்தான். பல் டாக்டர் மரப்பு ஊசி போட்டதும் உதடு வீங்கியது போலத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் எப்போதும் போலத்தான் இருக்கும். செய்தி வராமல் போனதும் மூளையே அந்த இடத்தைப் பெரிதாக நினைத்துக்கொள்கிறது.

அதோடு, முகத்தை ஓய்வாக வைக்க வழியில்லை. சாப்பிடணும், பேசணும், கொட்டாவி விடணும். காலைப் போல முகத்துக்குக் கட்டுப் போட்டு வீட்டில் உட்கார முடியாது.

"ஐஸ் தண்ணி பட்டா கூசுது, சூடா தே குடிச்சா வலிக்குது. ரெண்டும் ஒரே கோளாறுதானே?"

இல்லை. சூட்டுக்கும் குளிருக்கும் நரம்பு முனையில் வேறு வேறு வாயில்கள் (கதவுகள்) உண்டு. சூட்டு வாயிலான டி.ஆர்.பி.வி.1 சுமார் 43 டிகிரிக்கு மேல் திறக்கும். மிளகாயின் காரப்பொருள் திறப்பதும் இதே வாயிலைத்தான். அதனால்தான் சம்பல் சாப்பிட்டால் சுடாமலே சுடுகிறது. குளிர் வாயில் டி.ஆர்.பி.எம்.8. புதினா உப்பு இதைத் திறப்பதால் கோடாலித் தைலம் தடவிய இடம் ஜில்லென்று இருக்கிறது. சூட்டையும் தொடுதலையும் உணரும் இப்படிப்பட்ட வாயில்களைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருக்கும் 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பல்லுக்கு வருவோம். குளிர் பட்டதும் சுரீர் என்று கூசி உடனே நின்றுவிட்டால், பெரும்பாலும் எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ உள்படலம் வெளியே தெரிகிறது என்று அர்த்தம். சூடு பட்டு வலி கிளம்பி நிமிடக்கணக்கில் நிற்கிறது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால் பல்லின் உள்கூழ் அழற்சியில் இருக்கலாம். அதற்குக் கிராம்பு எண்ணெய் தேடி என்னிடம் வருவதைவிடப் பல் கிளினிக்குக்குப் போவது நல்லது.

"எத்தனை நாள் வலிச்சா நாள்பட்ட வலின்னு சொல்வாங்க?"

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ. கெடு எதற்கு என்றால், வலி ரொம்ப நாள் ஓடும்போது நரம்பு மண்டலமே சுலபமாகச் சீண்டப்படுகிற நிலைக்குப் போய்விடலாம். பிறகு தலையணை உரசினாலும் வலி, மீசையில் கை பட்டாலும் வலி. முதலில் வலியைக் கிளப்பிய புண் ஆறியிருக்கும், வலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாததில் ஆச்சரியம் இல்லை.

"மூஞ்சி கழுவினா, பல்லு விளக்கினா, மோட்டார்ல காத்து பட்டா ஷாக் அடிக்குது தங்கச்சி. ஒரு நொடிதான், ஆனா உயிர் போகுது. இது என்ன?"

இது முக்கிளை நரம்பு வலியாக இருக்கலாம். அடையாளம் கொஞ்சம் தெளிவானது. முகத்தின் ஒரு பக்கம் மட்டும், கன்னத்திலோ தாடையிலோ, மின்சாரம் பாய்ந்த மாதிரி வெட்டி வெட்டி இழுக்கும். ஒவ்வொரு வெட்டும் ஒரு நொடிக்கும் குறைவிலிருந்து இரண்டு நிமிடம் வரைதான். அழுத்திப் பிடித்தால் வராது, ஆனால் லேசாகத் தொட்டால் வரும். விடியற்காலை இருட்டில் ரப்பர் பால் வெட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டால் கொஞ்சம் தேவலை என்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அதிகம், அதிலும் பெண்களிடம் கூடுதல். சில மாதம் காணாமல் போய்த் திரும்பி வருவதும் உண்டு.

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் பல்லில் இல்லை. நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்து துடித்துத் துடித்து மேலுறையைத் தேய்த்துவிடுகிறது. உறை உரிந்த இரண்டு வயர்கள் ஒட்டிக்கொண்டால் எப்படிப் பொறி தெறிக்குமோ, அப்படித் தொடு உணர்வைக் கொண்டுபோகும் இழையிலிருந்து வலி இழைக்குத் தாவுகிறது. அதனால்தான் தண்ணீர் பட்டதுகூட வலியாகப் போய்ச் சேர்கிறது.

நாற்பது வயதுக்குள் வந்தாலோ, இரண்டு பக்கமும் வந்தாலோ, கூடவே முகம் மரத்தாலோ, வேறு காரணங்களையும் தேட வேண்டும்: மூளையில் கட்டி, அல்லது நரம்புறை சிதையும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். பொதுவாகவே இந்த வலி உள்ளவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

"அந்தப் பக்கத்துப் பல்லை எல்லாம் பிடுங்கிட்டா விட்டுத் தொலையாதா?"

தொலையாது. எனக்கு அதிகம் வருத்தம் தருவது இந்தக் கேள்விதான். ஒரு பல்லைப் பிடுங்குவார்கள், வலி தானாகவே கொஞ்ச நாள் அடங்கும், "ஆஹா, அந்தப் பல்தான்" என்பார்கள். திரும்பி வந்ததும் பக்கத்துப் பல். மேலே சொன்னபடி கோளாறு நரம்பின் வேரில் இருக்கும்போது பல்லைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பல் டாக்டர் தட்டிப் பார்த்து, குளிர் வைத்துப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, இந்தப் பல்தான் என்று காரணத்தோடு சொன்னால் தாராளமாகப் பிடுங்குங்கள். "வலிக்கிற பக்கம் இருக்கிறது" என்பது மட்டும் போதிய காரணம் இல்லை. சந்தேகம் இருந்தால் இன்னொரு பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

"எனக்கு வலிப்பு கிடையாது. வலிப்பு மாத்திரையை ஏன் எழுதிக் குடுத்திருக்காங்க?"

அந்த மாத்திரை கார்பமாசெபின். முக்கிளை நரம்பு வலிக்கு 1960களிலிருந்து கொடுத்துவருகிறார்கள், இன்றும் முதல் மருந்து அதுதான். நரம்பு தேவையில்லாமல் பொறி கிளப்புவதை அது அடக்குகிறது. வலிப்புக்கும் இதே வேலைதான். பனடாலும் மற்ற வலி மாத்திரைகளும் இந்த வகை வலியைத் தொடுவதே இல்லை என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இது கவனமாகச் சாப்பிட வேண்டிய மருந்து. எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இது தோலையே உரித்துவிடும் அளவுக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பலாம். அந்த வகை மலாய்க்காரர், சீனர்களிடம் அதிகம். இந்தியர்களிடமும் இல்லாமல் இல்லை. ஆரம்பிக்கும் முன் ரத்தப் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். முதல் சில மாதங்களில் காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. தலைசுற்றலும் தூக்கமும் வரலாம், லாரி ஓட்டுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரினையும் கருத்தடை மாத்திரையையும் இது வலுவிழக்கச் செய்யும். கர்ப்பமாக இருந்தாலோ பிள்ளை பெறும் எண்ணம் இருந்தாலோ முதலிலேயே சொல்ல வேண்டும். கிரேப் ஃப்ரூட் (திராட்சை இல்லை, ஆரஞ்சு வகைப் பழம்) இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பம்ளிமாஸ் அதற்கு நெருங்கிய உறவு. தம்பூன் பக்கம் போனால் மூட்டையாக வாங்கி வருகிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆகணும்.

மாத்திரை கேட்கவில்லை, அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அறுவை சிகிச்சை உண்டு. காதுக்குப் பின்னால் சிறு துளை போட்டு, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே ஒரு திண்டு வைத்துப் பிரித்துவிடுவார்கள்.

"இன்னொரு டாக்டர் மனச்சோர்வு மாத்திரை குடுத்தாரு. எனக்கு மனசுதான் கோளாறுன்னு நினைக்கிறாரா?"

அமிட்ரிப்டிலினாக இருக்கும். மனச்சோர்வுக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவில், ராத்திரி 10 மில்லிகிராம் என்பது போல, நரம்பு வலிக்குக் கொடுப்பார்கள். மூளையிலிருந்து கீழே இறங்கி வலியை அடக்கும் பாதைகளை அது பலப்படுத்துகிறது. பலன் தெரிய சில வாரம் ஆகும், மூன்றே நாளில் "கேக்கல" என்று தூக்கிப்போடாதீர்கள். வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும்.

நீங்கள் நடிப்பதாக யாரும் சொல்லவில்லை. தூக்கம் கெட்டால் வலி ஏறும், வலி ஏறினால் தூக்கம் கெடும், கவலையும் இதில் சேர்ந்துகொள்ளும். அது உடம்பின் வேலைமுறை.

"நாக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. மிளகா கடிச்ச மாதிரி. கண்ணாடில பார்த்தா ஒரு புண்ணும் இல்லை."

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்கள். நாக்கு நுனி, உதட்டின் உள்பக்கம், மேலண்ணம் எரியும். காலையில் லேசாக இருந்து சாயங்காலம் ஏறும். வாயில் இரும்புச் சுவையோ கசப்போ தங்கும். சாப்பிடும்போது மட்டும் குறைகிறது என்று பலர் சொல்வார்கள். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேலாக, மூன்று மாதம் தாண்டியும் இருந்து, வேறு காரணமும் கிடைக்காவிட்டால், எரிவாய் நோய் என்பார்கள்.

"வேறு காரணமும் கிடைக்காவிட்டால்" என்பதுதான் முக்கியம். முதலில் பார்க்க வேண்டியவை: சர்க்கரை, இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், தைராய்டு, வாயில் பூஞ்சை, பொருந்தாத பல்செட். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபோர்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் அப்படியே. எனலாபிரில் போன்ற சில பிரஷர் மாத்திரைகளாலும் வாய் எரிவதுண்டு. மாத்திரையை நீங்களே நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எரிகிறது என்றால், ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம் சுவாரசியமானது. நாக்கின் முன்பகுதிச் சுவையைக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு இல்லை, ஏழாவது நரம்பின் ஒரு மெல்லிய கிளை. அது காதுச் சவ்வை ஒட்டிப் போகிறது. சுவை நரம்பு நன்றாக வேலை செய்யும் வரை வலி நரம்பை அடக்கி வைத்திருக்கிறது, அது தளர்ந்ததும் வலி நரம்பு தலைதூக்குகிறது என்கிறார்கள். சாப்பிடும்போது குறைவதும் இதோடு பொருந்துகிறது. சிலருக்குக் குளோனாசெபாம் மாத்திரையை வாயில் வைத்து ஊறவிட்டுத் துப்பச் சொல்வார்கள். பழகிப்போகும் மருந்து அது, சீட்டு இல்லாமல் என்னிடம் கேட்காதீர்கள்.

"எனக்குக் காரம் பட்டாத்தான் எரியுது, மத்த நேரம் ஒண்ணும் இல்லை. இதுவும் அதேதானா?"

இல்லை. இதற்கு நான் கேட்கும் முதல் கேள்வி: வெற்றிலை பாக்கு போடுவீர்களா? முந்தி சாப்பிட்ட அதே காரம் இப்போது தாங்கவில்லை, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் நாராக இறுகுகிறது, வாய் முழுதாகத் திறக்கவில்லை என்றால், பாக்கினால் வரும் வாய் நார்ப்பெருக்கமாக இருக்கலாம். உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி அடுக்கி முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். இது புற்றுநோயாக மாறக்கூடியது.

"நான் புகையிலை சேர்க்கறதில்லையே" என்பார்கள். புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் அதிகம் வருவது இந்தியர்களுக்கு, அதிலும் நம் பெண்களுக்கு. லயத்து வாசலில் வெற்றிலைப் பெட்டியோடு கூடி உட்கார்ந்து பேசிய பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். பழக்கத்தின் அருமை தெரியாமல் சொல்லவில்லை. பாக்கை மட்டுமாவது விடுங்கள். வாயில் எந்தப் புண்ணும் வெள்ளை, சிவப்புத் திட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால், வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும்.

"வாயைத் திறந்தா காதுகிட்ட 'டக்'குன்னு சத்தம். எலும்பு உடைஞ்சிருக்குமா?"

தாடை மூட்டுக்குள் இருக்கும் சிறு தட்டு நழுவி இடத்துக்கு வரும் சத்தம் அது. வலி இல்லாவிட்டால் வைத்தியமே வேண்டாம். வலி இருந்தால், காலையில் தாடை இறுகி எழுந்தால், ராத்திரி பல்லைக் கடிக்கிறீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சில வாரம் மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், முறுக்குக்கும் சூயிங்கத்துக்கும் லீவு. பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே குறையும்.

"அக்கி வந்துச்சு, எழுதியும் பார்த்தாச்சு, கொப்புளமும் காஞ்சு போச்சு. வலி மட்டும் போகல."

சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பு முடிச்சில் தூங்கிக் கிடந்து, வயதான பிறகு அதே நரம்பு வழியாக வெளியே வருவதுதான் அக்கி. காவியால் சிங்கம் எழுதுவதில் மனதுக்கு ஒரு தெம்பு கிடைக்கலாம், நான் தடுப்பதில்லை. ஆனால் எழுதப் போகிற அதே நாளில் கிளினிக்குக்கும் போங்கள். கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் போன்ற மாத்திரை, கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கே ஆபத்து, அன்றைக்கே காட்டணும்.

காய்ந்த பிறகும் மூன்று மாதம் தாண்டி வலித்தால், கிருமி நரம்பைச் சேதப்படுத்திவிட்டுப் போயிருக்கிறது. அமிட்ரிப்டிலின் (மேலே சொன்னது), கபாபென்டின் போன்றவை உதவும். ஐம்பது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. காசு கொஞ்சம் கூட.

"பல்லைப் பிடுங்கி ஒரு வருஷமாச்சு. அந்த இடத்துல இன்னும் பல்லு இருந்து வலிக்கிற மாதிரி இருக்கு. எனக்குப் பைத்தியமா?"

இல்லை. கால் எடுத்தவர்களுக்கு இல்லாத காலில் வலி வருவது போன்றதுதான் இது. பல் போனாலும் அதற்கான இடம் மூளை வரைபடத்தில் அப்படியே இருக்கிறது. அறுபட்ட நரம்பு முனையும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கலாம். வேர் சிகிச்சை செய்த பல்லிலும் இப்படி நேரும். மறுபடி கிளறுவதால் கூடத்தான் செய்யும். இதற்கும் நரம்பு வலி மருந்துகள்தான்.

"வலி இல்லை, மரத்து மட்டும் இருக்கு. வலி இல்லாட்டி நல்லதுதானே?"

கீழ் ஞானப்பல் எடுத்த பிறகு உதடோ நாக்கோ மரத்தால், பலருக்குச் சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் திரும்பிவிடும். எடுத்த டாக்டரிடம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். சூடு தெரியாமல் வாயைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

காரணமே இல்லாமல் ஒரு பக்கத்து மோவாயும் கீழுதடும் மரத்தால் அது வேறு விஷயம். அரிதாக, எங்கோ இருக்கும் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது வரும். வலியைவிட இந்த மரப்புக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

"எந்த வலிக்கு நாளைக்குன்னு தள்ளிப்போடாம ஓடணும்?"

படியேறினால், வேலை செய்தால் கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் நிற்கிறது என்றால் நெஞ்சைச் சோதிக்க வேண்டும். வியர்த்து மூச்சு வாங்கினால் உடனே 999-ஐ அழையுங்கள். தாடைக்கடியில் வீங்கி விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தாலும் அப்படியே. ஐம்பதுக்கு மேல், மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, தலையில் சீப்புப் பட்டால் நோகிறது, பார்வை மங்குகிறது என்றால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம்மிடையே அரிதுதான், ஆனால் தாமதித்தால் கண் போய்விடும்.

"டாக்டர்கிட்ட அஞ்சு நிமிஷம்தான் கிடைக்குது. என்னத்தச் சொல்றது?"

"ரொம்ப வலிக்குது" என்று சொல்லி நேரத்தைப் போக்காதீர்கள். எந்த இடம் என்று ஒரு விரலால் காட்டுங்கள். வெட்டுகிறதா, எரிகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா? நொடியா, மணிக்கணக்கா? எதைத் தொட்டால் கிளம்புகிறது? தூக்கத்தில் எழுப்புகிறதா? எந்தப் பல்லை எப்போது பிடுங்கினீர்கள், அதற்குப் பிறகு வலி மாறியதா? இவ்வளவும் அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போகலாம். டாக்டர் பஞ்சாலும் ஊசி முனையாலும் இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்ப்பார், வித்தியாசம் இருந்தால் உள்ளபடி சொல்லுங்கள்.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கே கடிதம் வாங்கினால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்கலாம். மலாய் பேசத் தயங்கினால் பேரப்பிள்ளையைக் கூட்டிப் போங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். "அந்த வெள்ளை மாத்திரை" என்றால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.